தாங்கும் வீதி

எங்கள் பட்டறை வீதிக்கு மூன்றாம் பூட்டு விழுந்த அன்று ஒருவர்கூடச் சத்தம் போடவில்லை. எனக்குத்தான் வயிறு எரிந்தது. வீதி முனையில் கம்பிக் கதவு தானாக நகர்ந்து மூடிக்கொள்கிறது. பார்த்துக்கொண்டு நின்றவர்கள், கரண்ட் போய்விட்டது, வரும்போது வரட்டும் என்கிற மாதிரி தலையை ஆட்டிவிட்டு அவரவர் வீட்டுக்குள் போய்விட்டார்கள். என் வீட்டுக்காரர் தனபால், "என்ன பண்றது, காலம் அப்படி" என்று எனக்குச் சமாதானம் சொன்னார். காலத்தை யார் திட்டினார்கள்? நான் திட்டியது அவரை.

மணல் காய்ச்சல் வந்து எத்தனை வருடம் ஆயிற்று என்று இப்போது யாரும் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. தொண்டையில் மணலை அள்ளிப் போட்ட மாதிரி நெறுநெறுக்கும், பிறகு காய்ச்சல், பிறகு ஆளைப் பொறுத்தது. ஒரு அலை போகும், அப்பாடா என்று மூச்சு விடுவோம், அடுத்தது வரும். கிருமி களைத்ததோ இல்லையோ, நாங்கள் களைத்துவிட்டோம். முதல் பூட்டு என்றால் முகக்கவசம் போட வேண்டும், கூட்டம் கூடக் கூடாது. இரண்டாம் பூட்டில் அனுமதி வாங்கிக்கொண்டு மாவட்டத்துக்குள் போய்வரலாம், உறவுக்காரர்களும் வரலாம். மூன்றாம் பூட்டு விழுந்தால் வீதியை விட்டு யாரும் வெளியே போக முடியாது, வெளியே இருப்பவர் உள்ளே வரவும் முடியாது. அரிசி பருப்பு கதவடிக்கு வரும். உடம்புக்கு முடியாமல் போனால் ஆம்புலன்ஸ் வரும். நோயாளியை மட்டும் ஏற்றிக்கொள்ளும், துணைக்கு ஒரு ஆளை ஏற்றாது.

அந்தக் கடைசி விதிதான் எனக்கு எமன். என் மகள் மிதுனா கோபியில் வாழ்க்கைப்பட்டவள். மாப்பிள்ளை வேலைக்குப் போன வெளியூரிலேயே மாட்டிக்கொண்டார், அங்கே அவளுக்கு மாமனார் மாமியார்தான். இப்போது அவளுக்கு நிறைமாதம் நெருங்குகிறது. இதற்கு முந்தின அலையில் ஏழாம் மாதத்திலேயே வலி எடுத்து, அவளை மட்டும் ஏற்றிக்கொண்டு போனார்கள். பிள்ளை தங்கவில்லை. அந்த வார்டில் தனியாகப் படுத்துக்கொண்டு, போனில் என் முகத்தைப் பார்த்து, "இங்க யாருமே இல்லம்மா" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். நான் போன் திரையைத் தடவினேன். வேறென்ன செய்ய முடிந்தது? அடுத்த தடவை அவள் கையைப் பிடித்துக்கொண்டு நான் நிற்பேன் என்று அன்றைக்கே சத்தியம் செய்துகொண்டேன். இப்போது அவளை அழைத்துவர அனுமதி வாங்கி, கட்டிலை இடம் மாற்றிப் போட்டு, பழைய வேட்டிகளைக் கிழித்துத் துவைத்து மடித்து வைத்து, எல்லாம் தயாராக இருக்கும்போது மூன்றாம் பூட்டு. யாரைக் கேட்பது?

மறுநாள் காலையில் மளிகை கொண்டுவந்த ஃபர்சானாவைக் கம்பிக் கதவடியில் பிடித்துக்கொண்டேன். வார்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிற பெண், நல்ல பிள்ளை. பின்னால் இருக்கும் கிணற்று வீதியில் வீட்டுக்கு வீடு காய்ச்சல், அங்கே இரண்டாம் பூட்டு. எங்கள் வீதியில் மாதக்கணக்கில் ஒரு தும்மல்கூட இல்லை, இங்கே மூன்றாம் பூட்டு, இது எந்த ஊர் நியாயம் என்று கேட்டேன். அவள் பையைக் கீழே வைத்தாள்.

"நோய் எங்க அதிகம்னு பாத்துப் பூட்டு போட்ட காலம் போச்சுங்கக்கா. அப்படிப் போட்டப்ப சனங்க கதவை ஒடச்சாங்க, வண்டிக்குத் தீ வெச்சாங்க. இப்ப மாவட்டம் முழுக்க நடமாட்டம் இவ்வளவு கொறையோணும்னு ஒரு அளவு வெச்சிருக்காங்க. அந்தச் சுமையை எந்த வீதி தாங்குமோ அந்த வீதி மேல ஏத்தி வெக்கறாங்க."

"எங்க வீதி தாங்கும்னு எந்த மகராசன் சொன்னான்?"

"நீங்கதானுங்கக்கா சொன்னீங்க."

அப்புறம்தான் விளக்கமாகச் சொன்னாள். தினமும் பொழுதோடு, விளக்கு வைக்கிற சமயத்தில், எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்தில் போன் வருமே, 'நலம்' என்கிற இயந்திரக் குரல், அது சும்மா குசலம் விசாரிக்கவில்லையாம். நாம் சொல்லும் பதிலையும் சொல்லும் குரலையும் வைத்து, இந்த வீதி இன்னும் எவ்வளவு பொறுக்கும் என்று ஒரு எண் போடுகிறதாம். கத்துகிற வீதிக்குப் பூட்டைத் தளர்த்தும், பொறுக்கிற வீதிக்கு இறுக்கும். மாவட்டத்திலேயே எங்கள் வீதிக்குத்தான் எண் எகிறிக் கிடக்கிறதாம். எப்போது கூப்பிட்டாலும் நல்லாருக்கம், சாப்ட்டாச்சு என்கிறோமாம். கிணற்று வீதிக்காரர்கள் போனை எடுத்த உடனே ஆரம்பித்துவிடுவார்களாம். அழுத பிள்ளைக்குத்தானே பால் என்றாள் ஃபர்சானா. பொய்யாக அழுது பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள், குரலை வைத்தே கண்டுபிடித்துவிடும் என்று எச்சரிக்கையும் செய்தாள்.

குனியக் குனியக் குட்டுவார்கள் என்பது தெரிந்ததுதான். குட்டுவதற்கு முன்னால் நலம் விசாரித்துவிட்டுக் குட்டுவார்கள் என்பது எனக்குப் புதிது.

அந்த நலத்தின் குரலையும் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் அது ரேடியோச் செய்தி மாதிரி செந்தமிழில் பேசியது. சனங்கள் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். பிறகு ஊருக்கு ஊர் பேச்சை மாற்றினார்கள். எங்கள் பக்கத்தில் அது, "ஏனுங்கம்மா, சாப்ட்டீங்களா? ஒடம்பு சௌக்கியமுங்களா?" என்று, கலியாணத்தில் பார்த்த தூரத்து உறவுப் பெண் மாதிரி தன்மையாகக் கேட்கும். அப்படிக் கேட்பவரிடம் எங்கள் ஆட்கள் எப்படி மூக்கைச் சிந்துவார்கள்? வீட்டுக் குறையை வெளி ஆளிடம் சொல்வது இந்தப் பக்கத்தில் உள்பாவாடை தெரிய வீதியில் நடப்பதற்குச் சமம். உலையில் அரிசி இல்லாவிட்டாலும், சாப்ட்டீங்களா என்று கேட்டால் ஆச்சுங்க என்பதுதான் பதில். அதற்குப் பெயர் மானம். அந்த மானத்துக்குத்தான் அந்த இயந்திரம் பொறுமை என்று பெயர் வைத்து, எண் போட்டு, எங்கள் தலையில் கட்டியிருக்கிறது.

அன்று மத்தியானமே வீதியைக் கூட்டினேன். கூட்டினேன் என்றால் அவரவர் வாசலிலும் மாடியிலும் நின்றுகொண்டுதான். நான் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மெஸ் நடத்தியவள், கூட்டத்தின் நடுவே குரல் எழுப்பிப் பழக்கம். விஷயத்தைச் சொன்னேன். எதிர்வீட்டு கணபதியப்பன் வாத்தியார், ரிட்டையர் ஆகி மனைவியும் போய்ச் சேர்ந்த பிறகு தனியாக இருப்பவர், முதலில் என்னிடம் சண்டைக்கு வந்தார். சனங்களுக்குப் பயம் விட்டுப்போய்விட்டது, இன்னும் இறுக்கத்தான் வேண்டும் என்றார். எங்கே இறுக்க வேண்டும் என்று கேட்டேன். கிணற்று வீதியில் என்றார். இந்தக் காய்ச்சல் காலம் முழுக்க நான் பார்த்தது இதுதான். இறுக்க வேண்டும் என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து, யாரை என்பதில்தான் கருத்து வேறுபாடு. இதைப் பத்திரிகைக்காரன் பொதுமக்கள் ஆதரவு என்று எழுதுகிறான். மேல்வீட்டு சுலோச்சனா, தறிக்குப் போகிற புருஷன் வேலையில்லாமல் இருக்க இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டிருப்பவள், எது சொன்னாலும் சரிங்கக்கா என்றாள். கடைசியில், மிதுனாவுக்காகவாவது இன்று நலத்திடம் அவரவர் கஷ்டத்தை உள்ளது உள்ளபடி சொல்லிவிடுவது என்று முடிவானது. எல்லோரும் ஆகட்டுங்க என்றார்கள். வாத்தியார்கூட.

பொழுது சாய்ந்தது. வீதி முழுக்க ஒரே சமயத்தில் போன் அடித்தது. நான் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு காதைத் தீட்டினேன். மேல்வீட்டில் சுலோச்சனா, "சாப்ட்டமுங்க, பருப்புங்க, ரசமுங்க" என்றாள். அவள் வீட்டில் குக்கர் விசில் கேட்டு எத்தனையோ நாளாயிற்று. வாத்தியார், "எனக்கென்னுங்க, ஒத்தக்கட்டை, சௌக்கியமா இருக்கறனுங்க" என்று சிரித்தார். என் வீட்டுக்காரர் மூலையில் நின்று, இருக்கறமுங்க, இருக்கறமுங்க என்று முனகினார். பாவிகளா என்று பல்லைக் கடித்துக்கொண்டு நான் என் போனை எடுத்தேன். சொல்ல வேண்டியதை மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன். என் மகள், போன தடவை போன பிள்ளை, எல்லாம். நலம் கேட்டது: "ஏனுங்கம்மா, கொரல் சோர்வா இருக்குதே. ஒண்ணும் சிரமமில்லீங்களே?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றது என் வாய்.

பூட்டை இன்னும் சித்த இறுக்கினால் தாங்குவீர்களா என்று கேட்டது. எல்லாருக்கும் உள்ளதுதானுங்க என்றேன். போனை வைத்த பிறகு என் நாக்கை அறுத்துப் போடலாமா என்றிருந்தது. தனபால் என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசியிருந்தால் அவருக்கு இருந்திருக்கும், நல்ல வேளை பேசவில்லை.

ஊரெல்லாம் அதட்டுகிற எனக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்களை நொந்து என்ன பயன் என்று அன்று சோர்ந்து படுத்துவிட்டேன். மறுநாள் மாடிப்படியில் நின்று சுலோச்சனா என்னிடம் கிசுகிசுத்தாள். வாத்தியாரைப் பற்றித்தான். செத்துப்போன சம்சாரத்துக்கும் சேர்த்துத் தட்டு வைக்கிறார், அந்தத் தட்டைப் பார்த்துப் பேசிக்கொண்டே சாப்பிடுகிறார், பாவம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் வாத்தியார் என்னை ஜாடை காட்டி வாசலுக்குக் கூப்பிட்டு, மேல்வீட்டில் மூன்று நேரமும் கஞ்சிதான் ஓடுகிறது, அதிலும் அந்தப் பெண் தான் குடிக்காமல் பிள்ளைகளுக்கே ஊற்றிவிடுகிறது, நீ ஏதாவது கொடுத்தனுப்பு, நான் சொன்னதாகச் சொல்லாதே என்றார். அவர் குரல் நடுங்கியது.

எனக்குச் சுரீர் என்றது. தன் வீட்டுக் குறையைச் சொல்ல வாய் வராத சனத்துக்கு, பக்கத்து வீட்டுக் குறை என்றால் எவ்வளவு தாராளமாக வருகிறது! அதுவும் வெறும் வம்பாக இல்லை, வருத்தத்தோடு வருகிறது. ஃபர்சானாவுக்குப் போன் போட்டு, பக்கத்து வீட்டைப் பற்றிச் சொன்னால் நலம் கணக்கில் எடுத்துக்கொள்ளுமா என்று கேட்டேன். யார் வீட்டுக் குறை என்பது அதற்கு முக்கியமில்லை, குரலில் வருத்தம் உண்மையாக இருந்தால் போதும் என்றாள். பிறகென்ன? வாத்தியார் எங்களைச் சொல்வது, நாங்கள் சுலோச்சனாவைச் சொல்வது, சுலோச்சனா வாத்தியாரைச் சொல்வது என்று வீதி முழுக்க ஆள் பிரித்துக் கொடுத்தேன். இதற்கு மட்டும் ஒருவரும் கூச்சப்படவில்லை. ஊரார் வீட்டுக் கதை என்றால் எங்கள் ஆட்களுக்குப் பயிற்சி வேண்டுமா என்ன?

அன்று பொழுதோடு பட்டறை வீதி பேசிய பேச்சை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஒவ்வொரு ஜன்னலிலிருந்தும் யாராவது யாருக்காகவாவது உருகிக்கொண்டிருந்தார்கள். வருடக்கணக்காக அடுத்த சுவருக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. தெரியாத மாதிரி இருந்ததுதான் மரியாதை. நான் சுலோச்சனாவின் கஞ்சியைச் சொல்லி முடித்துவிட்டு ஜன்னலோரம் வந்தேன். எதிர்த்த மாடியில் வாத்தியார் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எதுத்த ஊட்டு வளர்மதி வாய் பெருசா பேசுமுங்க. ஆனா பொழுதோட தனியா உக்காந்து, மடிச்ச துணியவே பிரிச்சுப் பிரிச்சு மடிக்குதுங்க. அழுகறது தெரியக் கூடாதுன்னு டிவிய சத்தமா வெச்சுக்குதுங்க. அந்தப் புள்ளைக்கு இந்தத் தடவையும் ஏதாச்சும் ஆச்சுன்னா, இந்தம்மா பொழைக்காதுங்க."

நான் அழுவதை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருந்தேன். முதலில் கோபம்தான் வந்தது, என் வீட்டுக்குள் எட்டிப் பார்க்க நீ யார் என்று. அப்புறம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு விம்மி அழுதேன். டிவியைப் போடவில்லை.

மூன்றாம் நாள் கம்பிக் கதவு திறந்தது. இரண்டாம் பூட்டு. வீதி ஆட்கள் வெளியே வந்து வெயிலைப் பார்த்தார்கள். நான் மிதுனாவுக்குப் போன் செய்து துணிமணியை எடுத்து வை என்றேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று பார்த்தேன். "காலைலதாம்மா இங்க கதவை மூடுனாங்க" என்றாள். கோபியில் அவர்கள் இருக்கும் வாய்க்கால் வீதிக்கு மூன்றாம் பூட்டு.

ஃபர்சானாவைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவள் பாவம், என்ன செய்வாள். எங்கள் மேலிருந்து இறக்கிய சுமையை எங்காவது வைத்துத்தானே ஆக வேண்டும் என்றாள். மாவட்டத்துக்கான அளவு அப்படியே இருக்கிறதே, எங்களுக்கு அடுத்தபடியாக யார் பொறுமைசாலிகளோ அங்கே போயிருக்கும், அந்த வீதிக்காரர்களும் உங்களைப் போலவே தன்மையானவர்கள் போலிருக்கிறது என்றாள். என் சம்பந்தி வீட்டைப் பற்றி எனக்குத் தெரியாதா? காலில் முள் குத்தினால் முள்ளிடம் மன்னிப்புக் கேட்கிற குடும்பம்.

மிதுனாவிடம், நலம் கூப்பிட்டால் நீ வாயைத் திறந்து அழு, உனக்கு அழ என்ன காரணமா இல்லை என்றேன். அவள் தணிந்த குரலில் சொன்னாள்: "அத்தையும் மாமாவும் பக்கத்துலயே உக்காந்திருப்பாங்கம்மா. எனக்கு இங்க கஷ்டம்னு அவிய முன்னாடி எப்படிச் சொல்றது?"

போகிற வீட்டில் குறை சொல்லாதே, எது கேட்டாலும் நல்லாருக்கேன் என்று சொல் என்று தாலி ஏறுவதற்கு முன்பே அழுத்தி அழுத்திச் சொல்லி அனுப்பியவள் நான்தான். என் வளர்ப்பே என் கழுத்தை நெரித்தது.

வேறு வழியில்லாமல் சம்பந்தியம்மா ராஜாமணிக்கே போன் போட்டேன். அந்தம்மாவும் நானும் கலியாணத்திலிருந்தே அளந்து பேசுகிறவர்கள். பட்டுப்புடவை மடிப்புக் கலையாமல் உட்காரும், வார்த்தையும் அப்படித்தான். எங்கள் வீதி என்ன செய்தது என்பதை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர்கள் வீதியிலும் அப்படிப் பேசச் சொல்ல முடியுமா என்று கெஞ்சினேன். வாழ்க்கையில் நான் கெஞ்சிய முதல் ஆள் அந்தம்மாதான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஆகட்டும், பாக்கறனுங்க" என்று வைத்துவிட்டது. எங்கள் பக்கத்தில் ஆகட்டும் பாக்கறேன் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். இனி அவ்வளவுதான் என்று படுத்துவிட்டேன்.

மறுநாள் பொழுது சாய்ந்த பிறகு மிதுனா பேசினாள். தேம்பிக்கொண்டே பேசினாள். நலம் கூப்பிட்டதும் மாமனார் எடுக்கப் போனாராம். மாமியார் அவர் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டு, எல்லோரும் கேட்கும்படி சொன்னதாம்: "என்ற மருமக எங்க ஊட்ல சந்தோசமா இல்லீங்க. போன தடவை புள்ளையத் தனியா அனுப்பிச்சுட்டு நாங்க கதவைச் சாத்திக்கிட்டமுங்க. இப்பவும் ராத்திரில அழுகறா. எங்களுக்குக் கேக்குதுங்க. ஏன்னு கேட்டா நாங்க பதில் சொல்லோணுமில்லீங்க, அதுனால கேக்கறதில்லீங்க. அவளை அவங்க அம்மாகிட்ட அனுப்புங்க."

மாமனார் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாராம். அந்தம்மா போனை வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி கீரை ஆய உட்கார்ந்துகொண்டதாம். பிறகு பக்கத்து வீட்டுப் பெண்களைச் சுவரோரம் கூப்பிட்டுப் பேசியதாம். ஒரு வாரத்துக்குள் வாய்க்கால் வீதிக் கதவும் திறந்தது. நான் அந்தம்மாவுக்குப் போன் போட்டு நன்றி சொன்னேன். எதுக்குங்க அதெல்லாம் என்று, பழையபடி அளந்துதான் பேசியது. அந்த அளவை இனி நான் ஒரு நாளும் குறை சொல்ல மாட்டேன்.

அனுமதி வண்டி ஒன்று பேசி அனுப்பினேன். சாயங்காலம் மிதுனா வந்து இறங்கினாள். முகம் வெளுத்து, கால் வீங்கி, வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு. ஆரத்தி எடுக்கக்கூடக் கை வரவில்லை எனக்கு, அப்படியே கட்டிக்கொண்டேன். வாத்தியார் மாடியிலிருந்து பார்த்துவிட்டு உள்ளே போனார். சுலோச்சனா பிள்ளைகளை அனுப்பாமல் தானே வந்து பையை எடுத்து வைத்தாள்.

டிரைவர் வண்டியை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். செல்லமுத்து என்று பெயர். முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க தம்பி என்றேன். சாப்ட்டாச்சுங்கக்கா என்றார். மிதுனா என் புடவையை இழுத்து, காதோடு, அவர் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்றாள். இன்னொன்றும் சொன்னாள். வரும் வழியில் அவர் வீட்டிலிருந்து போன் வந்ததாம். பெருந்துறைப் பக்கம் மேட்டு வீதியில் வீடு. அந்த வீதிக்கு இன்று மத்தியானம் மூன்றாம் பூட்டு. வெளியே இருக்கிறவர் இனி வெளியேதான். வீட்டில் அப்பா படுத்த படுக்கை, புரட்டிப் போடவும் தூக்கி உட்கார வைக்கவும் இவர்தானாம். இனி அவர் சம்சாரம் ஒருத்தியாக எப்படித் தூக்குவாள் என்று மிதுனா கேட்டதற்கு, அவ பாத்துக்குவாளுங்க, நீங்க விசனப்படாதீங்க என்று இவளுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டு வந்தாராம்.

வாய்க்கால் வீதியிலிருந்து இறங்கியது எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று இனி ஃபர்சானாவைக் கேட்க வேண்டியதில்லை.

கேட்காமலேயே தட்டை வைத்துச் சோறு போட்டேன். கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தவர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். பசி எவ்வளவு என்று கை சொன்னது. அந்த நேரம் பார்த்து வீதியில் போன் அடிக்க ஆரம்பித்தது. என்னுடையதும் அடித்தது. ஏனுங்கம்மா, பூட்டைச் சித்த இறுக்கினால் தாங்குவீங்களா என்று அதே தன்மையோடு கேட்டது.

உள்ளே கட்டிலில் மிதுனா உட்கார்ந்திருக்கிறாள். இன்று மூன்றாம் பூட்டு விழுந்தால், வலி வரும்போது ஆம்புலன்ஸ் அவளை மட்டும் ஏற்றிக்கொண்டு போகும்.

"தாங்காதுங்க கண்ணு" என்றேன். "எங்களால சுத்தமா முடியாதுங்க." குரல் உடைந்தது. நடிப்பு இல்லை. செல்லமுத்து ஒரு கணம் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

நான் வைத்ததும் அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. வலக்கை சோற்றில் இருந்ததால் இடக்கையால் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தார். அதே குரல்தான். ஏனுங்கண்ணா, சாப்ட்டீங்களா, வீட்டுல எல்லாரும் சௌக்கியமுங்களா என்றது.

"சாப்ட்டுட்டு இருக்கறனுங்க. எங்களுக்கென்னுங்க, நல்லாருக்கமுங்க."

பூட்டு சிரமமா இருக்குதுங்களா என்று கேட்டது.

"எல்லாருக்கும் உள்ளதுதானுங்க. ஆகட்டுங்க."

உள்ளிருந்து மிதுனா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்வையின் அர்த்தம் எனக்குப் புரிந்தது. ஒரே ஒரு வார்த்தை போதும். தம்பி, அப்படிச் சொல்லாதீங்க, உங்க அப்பாவைச் சொல்லுங்க, உங்களுக்கு வராவிட்டால் பக்கத்து வீட்டுக்காரரைச் சொல்லச் சொல்லுங்க. ஒரு வீதிக்கே சொல்லிக் கொடுத்தவளுக்கு, எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற ஒரு மனுசனுக்குச் சொல்லிக் கொடுப்பது பெரிய வேலையா? ஆனால் மேட்டு வீதி வாயைத் திறந்தால் அந்தச் சுமை அடுத்து எந்த வாசலில் வந்து இறங்கும்? எங்கள் வீதி அதை இறக்கி வைத்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை.

அவர் போனை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுங்களா தம்பி?" என்று கேட்டேன்.

"போதுமுங்கக்கா. வயிறு நெறஞ்சுபோச்சுங்க" என்றார்.

நம்பிக்கொண்டேன்.